கதையில் வரும் ஒரு பொருள் மனிதனின் அடையாளமாகவே ஆகிவிட முடியுமா?

முடியும். என்னை இதை நம்பவைத்தது ரஷ்ய எழுத்தாளர் கோகோல் 1842-ல் வெளியிட்ட ‘மேல்கோட்டு’ கதை.

அக்காக்கி அக்காக்கியேவிச் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு குமாஸ்தா. வருடத்துக்கு 400 ரூபிள் சம்பளம். காகிதங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பதுதான் வேலை. பழைய கோட்டு இனி ஒட்டுப்போடவும் தாங்காது என்று தையல்காரர் கையை விரித்துவிடுகிறார். புதிதாகத் தைக்க 80 ரூபிள் ஆகும். அந்தப் பணத்தைச் சேர்க்க அக்காக்கி சாயங்காலத் தேநீரை விடுகிறார், மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை, பூட்ஸின் அடித்தோல் தேயாதிருக்கத் தெருவில் நுனிக்காலில் நடக்கிறார்.

ஒருவன் ‘என்னுடையது’ என்று சொல்லக்கூடிய எல்லாம் சேர்ந்ததுதான் அவனுடைய ‘நான்’, உடம்போடு உடுப்பும் வீடும் அதில் சேர்த்தி என்று 1890-ல் எழுதினார் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ். எனக்கு அது போதவில்லை. இந்தக் கோட்டுக்கு இன்னும் துணியே எடுக்கவில்லையே! அதற்குள் மனிதர் மாறிவிடுகிறார். நடத்தையில் ஒரு உறுதி, கண்ணில் ஒரு சுடர். கல்யாணம் ஆனவரைப் போல இருந்தார் என்கிறார் கோகோல். பிரதி எடுக்கும்போது பிடித்த எழுத்து வந்தால் சிரித்துக் கண் சிமிட்டுகிறவர் அவர். எழுத்துதான் அவருடைய உலகம். அப்பேர்ப்பட்டவர், காலருக்கு உயர்ந்த ரோமம் வைத்தால் என்ன என்று நினைக்கப்போய், கிட்டத்தட்ட ஒரு பிழையே விட்டுவிடுகிறார். பதறிப்போய்ச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். இல்லாத ஒரு கோட்டு அவரை உள்ளேயிருந்து வேறு ஆளாக்கிக்கொண்டிருக்கிறது.

போட்டுக்கொண்ட முதல் நாள் இரவே அது பறிபோகிறது. சில நாளில் ஜுரத்தில் இறந்துபோகிறார். ஒரு கோட்டுக்காகவா என்று கேட்பவர்கள் அந்தப் பட்டினி மாதங்களை மறந்துவிடுகிறார்கள்.

சொந்தமே ஆகாத பொருளும் இப்படி ஒட்டிக்கொள்ளும். என் அப்பா பஸ் கண்டக்டர். தோள்பட்டையில் வார் பதிந்த தடம், விலாவில் உரசும் தோல்பை. அந்தப் பை அவருடையது அல்ல, ரிடையர் ஆன அன்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் ரொம்ப நாளைக்கு, வீட்டில் யாராவது சில்லறை கேட்டால் அவர் கை முதலில் விலாப்பக்கம்தான் போகும். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சட்டைப்பைக்கு வரும்.