கொழுக்கட்டைப் புல் விதை: ஊறவைத்து உலர்த்தி விதையுங்கள்
அண்ணாச்சி, மானூர்ப் பக்கம் மானாவாரியில் ஆட்டுக்காகக் கொழுக்கட்டைப் புல் விதைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். விதை புதிதாக உருவியது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். இந்தப் புல் விதைக்கு உறக்கம் உண்டு. உருவிய கையோடு போட்டால் சரியாக முளைக்காது. ஆறு மாதமாவது காய்ந்து கிடக்க வேண்டும். முதலில் 100 விதையை ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். உயிரில்லாத விதையை எந்த ஊறலும் எழுப்பாது.

அப்புறம், லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரும் உதவும். பிறகு நிழலில் பரப்பி, பழைய எடை வரும்வரை உலர்த்துங்கள். இங்கேதான் பலர் அவசரப்பட்டு வெயிலில் போட்டுவிடுகிறார்கள். விதைக்குள் முளைப்பு வேலை தொடங்கியிருக்கும், வேர் வெளியே வந்திருக்காது. அந்த நிலையில் நிறுத்துவதுதான் முக்கியம். அப்படி நிறுத்திய விதை, மண்ணில் ஈரம் பட்டதும் சீக்கிரம் எழும். நம் பக்கத்துக் குறுகிய ஈரத்துக்கு அந்த வேகம் பெரிய உதவி.

உலர்ந்ததை நாள்கடத்தாமல் ஐப்பசி மழையை ஒட்டி விதையுங்கள். சுணையுள்ள விதை காற்றில் பறக்கும், ஈர மணலில் பிசறித் தூவுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதையக் கூடாது. முள் கிளையை மண்மேல் இழுத்து மூடினாலே போதும். தூர் கட்டும்வரை ஆட்டை உள்ளே விடவே விடாதீர்கள்.