ஹாஸ்பிஸில் தன்னார்வப் பணி: மார்த்தாண்டத்துத் தம்பிக்கு

தம்பி, மனைவியின் செவிலியர் வேலையை ஒட்டி மார்த்தாண்டத்திலிருந்து லண்டன் வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், வேலை கிடைக்கும்வரை, தீராத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றில் தன்னார்வலராகச் சேரலாமா, அரைகுறை ஆங்கிலத்தோடு அங்கே என்ன செய்ய முடியும் என்றும் கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்கு நெய்யூர் வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவரை நேற்றுப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

சேரலாம். குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, நற்சான்றுகள், பயிற்சி எல்லாம் முடியச் சில வாரங்கள் பிடிக்கும். ஹாஸ்பிஸ் என்றால் சாவதற்கென்று கொண்டுபோய் விடும் இடம் என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் பலர் நினைக்கிறார்கள். 1967-இல் தென்கிழக்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியையும் மனவேதனையையும் குடும்பக் கவலையையும் ஆன்மிகத் தவிப்பையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்றார். வலி தணிந்து வீடு திரும்புகிறவர்களும் உண்டு. நம் ஊரில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் செவிலியர் வீட்டுக்கே வருவதுபோல, அங்கும் பராமரிப்பின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது.

லண்டனில் நான் சேர்ந்த ஹாஸ்பிஸில் எனக்குக் கொடுத்த வேலையும் வீட்டில்தான். வாரம் ஒரு மாலை நோயாளியின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அவரைக் கவனிப்பவர் வெளியே போய்வரலாம். முதல் வீட்டில் அந்த அம்மா முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினார். ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை என்று வாசலில் நின்று சொன்னார். கணவர் உதட்டை நாவால் நனைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து, தம்ளரில் தண்ணீர் எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டேன். மேசையில் ஒட்டியிருந்த சீட்டு அப்போதுதான் கண்ணில் பட்டது: விழுங்கச் சிரமம், தண்ணீரைக்கூட அதற்கென்றே உள்ள பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். பயிற்சியில் சொன்னதுதான், பழக்கம் முந்திக்கொண்டது. கை நடுங்கிப்போனது.

நேற்று அந்தப் பெரியவரின் கட்டிலைச் சுற்றி ஆறு பேர், ஆரஞ்சுப் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக. 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று ஒவ்வொருவரும் கேட்க, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் சொன்னதை மகள் ஆறு தடவையும் முதலிலிருந்து சொன்னாள். லண்டனில் இதெல்லாம் ஆகாது. நோயாளி தானாகச் சொல்லாமல் நோயைப் பற்றிக் கேட்கக் கூடாது. மருந்து யோசனை கூடாது. அவர் விரும்பிக் கேட்டாலன்றி ஜெபமும் கூடாது. அங்கே காதில் விழுந்ததை மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருப்பது நமக்குப் பழக்கம்தானே. உடன் பயிற்சி பெற்ற ஆங்கிலேயர் சிலர் அதற்குத்தான் அதிகம் தவித்தார்கள்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். விண்ணப்பத்தில் அதை மறைக்க வேண்டாம். அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்களைப் பல ஹாஸ்பிஸ்கள் உடனே நோயாளியின் அருகில் அமர்த்துவதில்லை. அது உங்களை ஒதுக்குவதாகாது. நோயாளிகளிடம் பணம் வாங்காத அந்த நிறுவனங்களின் செலவில் பெரும்பகுதி நன்கொடையாலும் பழைய பொருள் விற்கும் கடைகளாலும்தான் ஈடாகிறது. நோயாளியின் அருகில் அமர்த்தும்வரை அப்படியொரு கடையில் நில்லுங்கள். பழைய கோட்டுகளுக்கு விலைச்சீட்டுக் குத்தி, வருகிறவர்களோடு வானிலை பேசிக்கொண்டிருந்தால் ஆங்கிலமும் வந்துவிடும்.