ஆபரேட்டர் பதில்கள்: முதலில் கால் தெரிய வேண்டும்

கேள்வி (வாசகர், சூரமங்கலம்): 1954-இல் வந்த ஜப்பானிய 'காட்ஸில்லா'வை என் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். ரப்பர் உடைக்குள் ஆள் இருப்பது தெரிந்தும் அவன் என் கையை விடவில்லை. கம்ப்யூட்டரில் செய்த புதுப் படங்களுக்கு அசருவதே இல்லை. ஏன் ஐயா?

பதில்: அது மெதுவாக நடக்கிறது, அதனால்தான். சேலத்தில் 28 வருடம் புரொஜெக்டர் ஓட்டியவன் நான். படத்தைப் பார்த்ததைவிட ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம். கேபின் ஜன்னலில் நின்றால் தரை டிக்கெட் தலைகள் வரிசையாகத் தெரியும். டப்பிங் படத்தில் ரெண்டு ராட்சத மிருகங்கள் கட்டிப் புரளும்போது அந்தத் தலைகள் ஆடிக்கொண்டே இருக்கும். முறுக்குப் பொட்டலம் பிரியும், பாதிப் பேர் எழுந்து வெளியே போவார்கள். ஒற்றைக் கால் மேலிருந்து மெல்ல இறங்கித் தரையில் பதியும் காட்சி வந்தால், அத்தனை தலையும் சேர்ந்து நிமிரும். ஒரு ஷோவிலும் இது தப்பியதில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட 3 நொடிக்கு மேல் ஆகும். 2 மீட்டரிலிருந்து விழுந்தால் முக்கால் நொடிகூட ஆகாது. கதைப்படி அந்தக் காட்ஸில்லா 50 மீட்டர். உடைக்குள் இருந்த ஹருவோ நகாஜிமா நம்மைப் போல ஆள். அவரைச் சுற்றி இருந்த டோக்கியோவும் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்குப் பொம்மை நகரம். பொம்மைக் கட்டடம் சட்டென்று சரிந்துவிடும். கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படம்பிடித்து, வழக்கமான நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் அதே கட்டடம் நிதானமாகச் சரியும், அதற்கு எடை வந்துவிடும். தந்திரக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயா இப்படித்தான் செய்தார். உறுமலும் இதே வழிதான். பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸின் தந்தியை உரசி, அந்த ஒலியை மெதுவாக்கி எடுத்தார்கள்.

இப்போது பல படங்களில் மலையளவு உடம்பைப் பூனை மாதிரித் துள்ள விடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. துள்ளியதும் எடை போய்விடுகிறது, எடை போனால் பயமும் போகிறது.

அந்தக் காலுக்குக் கீழே ஓடும் மனிதனையும் மறக்கக் கூடாது. அவன் இல்லாவிட்டால் 50 மீட்டர் என்பது வெறும் எண். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் கொட்டியது. படகில் 23 பேர். அதே வருடம் நவம்பரில் படம் வந்தது. டோக்கியோ குண்டுமழையில் எரிந்து அப்போது 9 வருடம்தான் ஆகியிருந்தது. திரையில் ஓடுகிறவன் யார் என்று அந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

கேள்வி (வாசகி, அம்மாப்பேட்டை): இந்த மாதிரிப் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மனசு லேசாகிறது. நாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றுவதில் என்ன நிம்மதி?

பதில்: அம்மா, எனக்கு அந்த நிம்மதி கிடைத்தது தியேட்டரில் இல்லை, ஏற்காட்டில். நாகலூர் பக்கம் என் மச்சான் வீடு. ஒரு மார்கழி விடியலில் காப்பித் தோட்டத்து வழியாக நடந்துகொண்டிருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் நாலு வெள்ளைக் கால்கள். முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி. அதற்கு மேலே பனிமூட்டம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சுச் சத்தம் கேட்டது, அதுவும் என் தலைக்கு நேரே. காட்டெருமை. நன்றாக வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை இருக்கும். அது என்னைப் பார்த்தது, மென்றது, மறுபடியும் மென்றது. அதன் கணக்கில் நான் இல்லவே இல்லை. அப்போது எனக்கு ஒரு கடன் தொல்லை, தூக்கமே கிடையாது. கீழே இறங்கி வந்தபோதும் கடன் அப்படியேதான் இருந்தது. அன்று ராத்திரி தூங்கினேன்.

காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் சந்நிதியில் நின்றிருக்கிறீர்களா? கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் முகம் கிடைக்கும். அங்கே பயம் எது, பக்தி எது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கேள்வி (மாணவர், ஓமலூர்): செல்போனில் பார்த்தால் அந்த உணர்வு வருமா?

பதில்: வராது தம்பி. உன் கட்டைவிரலே அந்த மிருகத்தை மறைத்துவிடும். தியேட்டருக்குப் போ, முன் வரிசையில் உட்கார். கையில் காசு இல்லை என்றால் ஒரு சாயங்காலம் ஏற்காடு லேடீஸ் சீட்டுக்குப் போய் இருட்டும் வரை காத்திரு. கீழே சேலம் முழுக்க விளக்காகக் கிடக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சின்ன வெளிச்சம் ஊர்ந்து வரும், நகர்கிறதா என்றே தெரியாது. அது பஸ். உள்ளே ஐம்பது பேர் இருப்பார்கள்.