சுவருக்கு வெளியே மேயும் ஆடுகள்

வணக்கம்.

ஆர்க்னி தீவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், ஸ்காட்லாந்தின் வடக்கே நார்த் ரொனால்ட்சே என்ற குட்டித் தீவில் கடற்பாசி தின்று வாழும் செம்மறி ஆடுகளை இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தீவைச் சுற்றிச் சுவர் எழுப்பி, ஆடுகளைப் புல் பக்கம் வரவிடாமல் கரையில் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உள்ளே பச்சைப் புல், வெளியே பட்டினி ஆடு. இது கொடுமை இல்லையா? இப்போதாவது அந்தச் சுவரை இடித்துவிடலாமே?

– ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

இரண்டு வரியில் முடித்தது என் தவறுதான். உங்கள் கோபத்தில் பாதி நியாயம்.

சுவர் எழுந்தது 1832இல். ஆட்டின் மேல் இரக்கப்பட்டு யாரும் கட்டவில்லை. அதற்கு முன் அந்தத் தீவுக்குக் காசு கொடுத்தது கடற்பாசி. பாசியை அள்ளிக் காயவைத்து, கரையோரக் குழிகளில் எரித்து, இறுகிய சாம்பலைக் கண்ணாடிக்கும் சோப்புக்கும் அனுப்பினார்கள். புகையில் வெந்தவர்கள் குடியானவர்கள்; லாபம் நிலக்கிழாருக்கு. 1830 வாக்கில் விலை விழுந்து தொழில் படுத்துவிட்டது. இனி நிலத்தில்தான் பிழைப்பு என்றானதும் பயிரும் மாடும் உள்ளே, ஆடு வெளியே. ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஆறடி உயரம், சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்.

ஆனால் ‘பட்டினி ஆடு’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஆடுகளுக்கு இரவு பகல் கணக்கில்லை, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம்தான் கணக்கு. நீர் வற்றத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் பாறைக்கு இறங்கும். நான் நின்று பார்த்த ஆடு முன்னங்கால்களை வழுக்கும் கல்லில் ஊன்றி, பழுப்புப் பாசியின் நுனியைப் பல்லில் பிடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. நனைந்த தோல்வார் போல நீண்டு வந்தது பாசி. மெல்லும் சத்தம் அலையையும் மீறிக் கேட்டது. நீர் ஏறியதும் மேட்டுக்குத் திரும்பி, சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்து அசைபோட்டது. மற்ற ஊர் ஆடுகள் இளைக்கும் குளிர்காலத்தில்தான் இவை கொழுக்கின்றன. புயல் பாசியை மலையாகக் கரையில் தள்ளுகிறதே!

இடிக்கலாமே என்கிறீர்கள். இடித்தால் அந்த ஆடுகளுக்குத்தான் ஆபத்து. பாசியிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் செம்பு மிகக் குறைவு. கிடைக்கிற துளியையும் விடாமல் உறிஞ்சிக்கொள்ள இவற்றின் உடம்பு தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறது. அதே உடம்பு ஆண்டு முழுக்கப் புல் தின்றால், செம்பு ஈரலில் சேர்ந்து விஷமாகிவிடும். அதனால் குட்டி போடும் பருவத்தில் தாய் ஆடுகளை மட்டும் சில மாதம் உள்ளே மேயவிட்டு, திரும்பவும் கரைக்கு அனுப்புகிறார்கள். வேறு ஆடுகளோடு கலக்காமல் இந்தப் பழைய இனம் தப்பி நிற்பதும் சுவரால்தான். யாரிடமிருந்து புல்லைக் காக்கக் கட்டினார்களோ, அந்த ஆட்டையே இன்று அது காக்கிறது.

என் கவலை வேறு. 1839இலேயே விதிகள் எழுதி, ‘ஆட்டு நீதிமன்றம்’ என்று தீவுக்காரர்களே ஒரு சபை வைத்துக்கொண்டார்கள். எந்த வீட்டுக்கு எத்தனை ஆடு, யார் எந்தப் பகுதிச் சுவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ரோமம் கத்தரிக்க ஊரே கரையில் இறங்கி, ஆடுகளை வளைத்து, ‘பண்ட்’ எனப்படும் கல் பட்டிகளில் அடைப்பார்கள். அந்தக் காலத்தில் தீவில் ஐந்நூறுக்கு மேல் ஆட்கள். இன்று 60 பேர் அளவில்தான், அதிலும் வயதானவர்கள் நிறைய. 2012 டிசம்பர்ப் புயல் சுவரைப் பல இடங்களில் சாய்த்தது. அறுபது பேர் எத்தனை கல்லைத் தூக்குவார்கள்?

அதனால்தான் 2016இல் கோடையில் ஆட்டுத் திருவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி, தீவுக்காரர்களோடு நின்று, சரிந்த கல்லை எடுத்து அடுக்குகிறார்கள். எந்தக் கல் எதன் மேல் உட்காரும் என்று பெரியவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறார்கள். எப்போதாவது அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு அமைந்தால் கோடையில் போங்கள், ச. நல்ல கையுறை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.