மகள் ஏன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மட்டக்களப்பில் தமிழ் மொழி மூலம் உயர்தரத்தில் வர்த்தகம் படித்த பிள்ளை, இப்போது யூனியன் பிளேஸில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநர். மூன்று மாதம் ஆகிறது. இரவில் வெள்ளவத்தை அறையிலிருந்து கோல் எடுத்து, "அவங்க இங்கிலீசில கதைக்கிறது பாதி விளங்குதில்லம்மா, ஆனா எல்லாத்துக்கும் யெஸ் எண்டுதான் சொல்றன்" என்று அழுதிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லவா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். அவளுடைய ஆங்கிலம் குறைவு என்பதை விட, விளங்காத இடத்தில் 'யெஸ்' சொல்கிறாள் என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அதை மாற்ற இரண்டு மூன்று வாரம் போதும்.

நானும் அப்படித் தலையாட்டியவன். என் முதல் வேலை கோட்டையில் ஒரு கந்தோரில். மேலதிகாரி ஒரு நாள் தொலைபேசியில் ஒரு கொடுப்பனவுத் தொகையைச் சொன்னார். 'பிப்டீன் தௌசண்டா', 'பிப்டி தௌசண்டா' என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. திருப்பிக் கேட்க வெட்கம். ஐம்பதாயிரம் என்று வவுச்சர் எழுதினேன். காசோலையில் கையொப்பமிட வேண்டியவர் கண்டுபிடித்து நிறுத்தினார். மேலதிகாரி சத்தம் போடவில்லை. "ஏன் கேட்கவில்லை?" என்று மட்டும்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளை "என்ன?" என்று இரண்டாம் தரம் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "காது கேக்காதா?", "எத்தினை தரம் சொல்றது?" பாடசாலையிலும் அதேதான். திருப்பிக் கேட்டால் ஏச்சு விழும் என்று பதினெட்டு வருடம் பழகிய பிள்ளை, கொழும்புக்கு வந்ததும் மெனேஜரிடம் கேட்டுவிடுமா? உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் என் பிள்ளைகளிடம் அப்படிப் பேசியிருக்கிறேன்.

அவள் துணிந்து கேட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'சொல்லு' என்பதை 'சொல்லுங்கோ' ஆக்கினால் போதும், எல்லாம் வந்துவிடும். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. 'திருப்பிச் சொல்லுங்கோ' என்பதை அப்படியே மாற்றி 'டெல் அகெய்ன்' என்றால், மகள் மனதுக்குள் 'ங்கோ' போட்டுத்தான் சொல்கிறாள்; எதிரே இருப்பவர் காதில் 'திருப்பிச் சொல்லு' என்று விழுகிறது. அவர் முகம் சுருங்குகிறது. பிள்ளை அடுத்த முறை வாயே திறப்பதில்லை.

ஆங்கிலம் அந்த மரியாதையை வாக்கியத்தின் முன்பக்கத்தில் வைத்திருக்கிறது. "குட் யூ (could you) சே தட் அகெய்ன், ப்ளீஸ்?" கட்டளையைக் கேள்வியாக மாற்றுவதுதான் அங்கே 'ங்கோ'. 'கேன் யூ' என்று கேட்டாலும் பிழையில்லை; 'குட் யூ' இன்னும் பணிவு. இதை அவளுக்கு ஒரு தரம் விளக்கிவிட்டால் பிறகு மனப்பாடம் தேவையில்லை, காரணம் விளங்கிவிடும்.

தினசரிப் பேச்சுக்கு இவ்வளவு நீளமும் வேண்டாம். "ஸொரி?" என்று குரலைக் கடைசியில் மேலே தூக்கிக் கேட்டால் போதும். குரல் கீழே இறங்கினால் அது மன்னிப்பு, மேலே ஏறினால் 'திரும்பச் சொல்லுங்கள்'. "பார்டன்?" என்பதும் அப்படித்தான். வெறும் "வாட்?" மட்டும் வேண்டாம். தமிழில் "என்ன சேர்?" என்றால் பணிவாக இருக்கும், ஆனால் "வாட் சேர்?" முரட்டுத்தனமாக ஒலிக்கும். "கம் அகெய்ன்" கூட்டாளிகளோடு சரி. "எக்ஸ்கியூஸ் மீ?" என்று அழுத்திச் சொன்னால் கோபப்பட்டதுபோல ஆகிவிடும்.

இனி முக்கியமான இடம். காதில் விழாதது வேறு, விழுந்தும் விளங்காதது வேறு. உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். 'அக்ரூவல்ஸைப் பார்' என்று யாராவது சொன்னால் அவள் திகைத்து நிற்பாள். பத்துத் தரம் திருப்பிச் சொன்னாலும் அதே சொல்தானே வரும்? ஆனால் 'அட்டுறு செலவு' (செலவாகியும் இன்னும் காசு கொடுக்காதது) என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பதிவு போடுவாள். 'ட்ரயல் பெலன்ஸ்' அவள் படித்த பரீட்சை மீதிதான். 'டிப்ரீசியேஷன்' பெறுமானத் தேய்வுதான். பிள்ளைக்கு விடயம் தெரியும், அதற்கு அந்தக் கந்தோரில் என்ன பெயர் என்பதுதான் தெரியாது. ஆகவே அந்த இடத்தில் கேட்க வேண்டியது, "ஸொரி, வட் டூ யூ மீன் பை அக்ரூவல்ஸ்?" ஒரு சின்னக் கொப்பியில் இடப்பக்கம் அவர்கள் சொன்ன சொல், வலப்பக்கம் அவள் படித்த தமிழ்ச் சொல் என்று எழுதிவரச் சொல்லுங்கள். நான் வழிகாட்டிய பிள்ளைகளில் இந்தக் கொப்பி வைத்திருந்தவர்கள்தான் சீக்கிரம் நிமிர்ந்தார்கள். தொகைகளையும் அதில் சேர்க்கலாம்: கொழும்பில் 15 இலட்சத்தை 'வன் பொயின்ட் பைவ் மில்லியன்' என்றுதான் சொல்வார்கள்.

முழுவதையும் திருப்பிக் கேட்கத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள். விளங்கியதைச் சொல்லிவிட்டு, விடுபட்டதை மட்டும் கேட்கலாம்: "ஐ காட் த டேட். குட் யூ ரிபீட் த அமவுண்ட்?" அப்போது மற்றவருக்கு, இந்தப் பிள்ளை கவனமாகத்தான் கேட்டது என்று தெரியும். 15, 50 குழப்பம் வந்தால் "வன் பைவ்? ஓர் பைவ் ஸீரோ?" என்று இலக்கமாகப் பிரித்துக் கேட்க வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கும் விமானிக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்னது சரியாகக் கேட்காவிட்டால் 'சே அகெய்ன்' என்பார். கேட்டபின் முக்கியமான கட்டளைகளையும் எண்களையும் தன் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டவும் வேண்டும். அது அவருக்கு விதி. தொலைபேசியில் உங்கள் மகளும் அதையே செய்யட்டும்.

கந்தோரில் சிங்களத்திலும் கதைப்பார்கள். அப்போது ஆங்கிலத்துக்கு மாறச் சொல்லிக் கேட்பதைச் சிங்களத்திலேயே கேட்டால் முகம் மலரும்: "சமாவென்ன, இங்கிரீசியென் கியன்ன புளுவன்த?" இந்த ஒரு வரி கொழும்பில் எத்தனையோ கதவுகளைத் திறக்கும். ஆனால் அரச அலுவலகத்துக்கு அனுப்பினால் ஆங்கிலத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அங்கே தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது அவள் உரிமை.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம். கேள்வி விளங்காவிட்டால் பரீட்சகரிடம் திருப்பிக் கேட்கலாம். செவிமடுத்தல் பரீட்சையில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தரம்தான், கேட்க ஆளில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போது அவசரப்பட வேண்டாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. 'நான் எட்டாம் வகுப்புத்தான், என்னால் என்ன செய்ய ஏலும்' என்று எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் பூச்சியத்திலிருந்து ஒன்பதுவரை சொல்லத் தெரிந்தால் போதும். இன்றிரவு அவள் கோல் எடுக்கும்போது உங்கள் மின்சாரப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கணக்கிலக்கத்தை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லுங்கள். கடைசி நான்கில் இரண்டு இலக்கத்தை வேண்டுமென்றே வாய்க்குள் விழுங்கிவிடுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவள் "ஸொரி அம்மா, குட் யூ சே த லாஸ்ட் போர் அகெய்ன்?" என்று கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டதும் ஏசாமல், சிரித்துக்கொண்டு, ஆறுதலாகத் திருப்பிச் சொல்லுங்கள்.