வியன்னாவா, புடாபெஸ்டா? மாமியாரோடு நாலு நாள்

கேள்வி: நானும் கணவரும் ஆறு வருடமாக மியூனிக்கில் வேலை பார்க்கிறோம். என் மாமியார் தென்காசியிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார். வயது 66. சைவம், கேக்கில் கலந்த முட்டையை மட்டும் கண்டுகொள்ள மாட்டார். முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார். நவம்பர் கடைசியில் எங்களுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிறது. கணவர் வியன்னா என்கிறார். எனக்குப் புடாபெஸ்ட் ஆசை. “ஒரே ரயில்தானே, இரண்டு நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே” என்று இப்போது சமரசம் பேசுகிறார். அத்தையைக் கேட்டால், “எங்க வேணாலும் போவோம், ஓட விடாம உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தா சரி” என்கிறார். எது நல்லது? பெயர் போட வேண்டாம், அத்தை உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர்.
– ஒரு வாசகி, மியூனிக்

பதில்: பெயர் போடவில்லை. ஆனால் தென்காசி, மியூனிக், முழங்கால் என்று இத்தனை அடையாளம் கொடுத்த பிறகு அத்தை கண்டுபிடிக்காமல் இருப்பாரா என்பது உங்கள் பாடு.

புடாபெஸ்டுக்குப் போங்கள். மூன்று இரவும் அங்கேயே தங்குங்கள்.

இதே கேள்வியை, தென்காசியிலிருந்து கிளம்பி முதல்முறையாக ஐரோப்பா பார்க்கப் போகும் ஒருவர் கேட்டிருந்தால் யோசிக்காமல் வியன்னா என்றிருப்பேன். நீங்கள் மியூனிக்வாசி. ஆறு வருடமாக ஜெர்மன் காதில் விழுகிறது, ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருப்பது பழகிவிட்டது, பரோக் தேவாலயம், அரண்மனைத் தோட்டம் எல்லாம் வாராந்திர நடைக்கே கிடைக்கின்றன. வியன்னா உங்கள் ஊரின் பணக்கார அக்கா. கழுத்தில் நகை கூடுதல், முகச்சாயல் அதேதான். புடாபெஸ்டில் ரயிலை விட்டு இறங்கியதும் போர்டில் இருக்கும் ஒரு சொல்கூடப் புரியாது. வெளியூருக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே அங்கேதான் வரும்.

சிஸியையே பாருங்கள். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத். 1837-இல் பிறந்த உங்கள் ஊர்ப் பெண், மியூனிக்காரி. 16 வயதில் வியன்னாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அந்த அரண்மனைச் சம்பிரதாயம் அவருக்கு ஒத்துவரவில்லை, மாமியார் சோஃபியோடும் ஒத்துப்போகவில்லை. (உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்று கடிதத்தின் தொனியே சொல்கிறது.) ஹங்கேரிய மொழியைக் கற்றுக்கொண்டார். 1867-இல் புடா மலை மேல் இருக்கும் மத்தியாஸ் தேவாலயத்தில் ஹங்கேரியின் ராணியாக முடிசூட்டிக்கொண்டார். பிறகு சாக்குக் கிடைத்தபோதெல்லாம் புடாபெஸ்டுக்குப் பக்கத்தில் உள்ள கெதெல்லோ அரண்மனைக்கு வந்துவிடுவார். கணவர் வியன்னாவுக்காக வாதாடினால் இந்தக் கதையை எடுத்துவிடுங்கள்.

இப்போது அவருடைய ‘இரண்டு, இரண்டு’ கணக்கு. மியூனிக்கிலிருந்து வியன்னா சுமார் 4 மணி நேரம். அதே ரயில் மேலே போய்ப் புடாபெஸ்ட் கெலெட்டி ஸ்டேஷனைத் தொட மொத்தம் 7 மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அவர் சொல்வதுபோல் போனால் முதல் நாள் மதியம் வியன்னா, இரண்டாம் நாள் முழுக்க வியன்னா. மூன்றாம் நாள் காலை பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, 2 மணி 40 நிமிடம் ரயிலில் உட்கார்ந்து, புடாபெஸ்டில் அறை கிடைத்து முகம் கழுவும்போது மணி மூன்று. நவம்பர் கடைசியில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நாலாம் நாள் காலை திரும்பும் ரயில். ஆக, உங்களுக்குக் கிடைக்கும் புடாபெஸ்ட் ஒரு சாயங்காலம்! திரும்பி வரும் 7 மணி நேரத்தை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அப்புறம், அறையை மாற்றுகிற நாளில் முழங்கால் வலிக்காரர் படுகிற பாடு பெட்டி தூக்குகிறவருக்குத் தெரியாது.

(வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம்தானே, அதையும் சேர்த்தால் மூன்று தலைநகரம் ஆகுமே என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பேச்சை மாற்றிவிடுங்கள்.)

நவம்பர் என்பதும் புடாபெஸ்டின் பக்கம்தான். வியன்னாவின் பெரிய சொத்தெல்லாம் சுவருக்கு உள்ளே இருக்கிறது: அருங்காட்சியகம், ஆபரா, காபி வீடு. ஷோன்ப்ருன் அரண்மனையில் 1,441 அறைகள் என்பார்கள். சுற்றுலாப் பயணிக்குத் திறந்திருப்பது அதில் ஒரு சின்னப் பங்குதான், அதற்கே கால் கேட்கும். வியன்னா என்றதும் டானூப் நதி நினைவுக்கு வரும். போய்ப் பார்த்தால் பழைய நகரத்தை ஒட்டி ஓடுவது ஒரு கால்வாய், பெரிய ஆறு எட்ட விலகிப் போகிறது. புடாபெஸ்டில் ஆறு ஊரின் நடுவீட்டில் ஓடுகிறது. ஒரு கரையில் புடா மலை, மறு கரையில் சமவெளியாகப் பெஸ்ட். ஓபுடாவும் சேர்ந்து மூன்றும் ஒரே நகரமானது 1873-இல்தான். அதனால் பாதி ஊரை மறுபாதியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். அத்தை கேட்டதும் இதைத்தானே?

முதல் நாள் சாயங்காலம் எம்2 மெட்ரோவில் பாத்யானி சதுக்கத்தில் இறங்குங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: எம்2 ஆழத்தில் ஓடுகிறது, அதன் நகரும் படிக்கட்டு நம் ஊர் மால்களில் இருப்பதைவிட வேகம். அத்தைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நில்லுங்கள். மேலே வந்து ஆற்றங்கரைக்குப் போனால் நேர் எதிரே பாராளுமன்றம். மூன்றரை மணிக்கு வெறும் சாம்பல் கல்லாக நிற்கும். இருட்ட ஆரம்பித்ததும் விளக்கு ஏறி, மொத்தக் கட்டடமும் தேன் நிறத்தில் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கும். அதன் குவிமாடம் 96 மீட்டர் உயரம். ஹங்கேரியர்கள் அந்த மண்ணில் கால் வைத்த 896-ஆம் ஆண்டின் நினைவாக அந்த அளவு. புனித இஸ்த்வான் பேராலயத்துக்கும் அதே 96. பாராளுமன்றத்தின் உள்ளே போகும் பிரதான படிக்கட்டிலும் 96 படிகள். ஆகவே உள்ளே போவதை நீங்களும் கணவரும் பார்த்துக்கொள்ளுங்கள், அத்தைக்கு எதிர்க்கரைக் காட்சி போதும். உள்ளே போவதானால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களுக்கு ஒரு விலை, நமக்கு அதைவிடக் கூடுதல். பஸ், டிராமில் 65 வயதுக்கு மேல் இலவசம் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அதுவும் அவர்களுக்குத்தான், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. மூன்று பேரும் 72 மணி நேரப் பாஸ் வாங்கிவிடுங்கள்.

அந்தப் பாஸின் காசை 2-ஆம் எண் டிராமிலேயே எடுத்துவிடலாம். பெஸ்ட் கரையை ஒட்டியே போகிறது. ஆற்றுப்பக்க ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் பாராளுமன்றம், சங்கிலிப் பாலம், எதிரே அரண்மனை எல்லாம் வரிசையாக வந்து போகும். போய்விட்டு அப்படியே திரும்பி வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். பழைய பெட்டி வந்தால் ஏற இரண்டு மூன்று உயரமான படி இருக்கும், அத்தைக்குக் கை கொடுங்கள். பாராளுமன்றத்துக்குக் கொஞ்சம் தெற்கே நீங்கள் மட்டும் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆற்றின் விளிம்பில் இரும்பில் வார்த்த 60 ஜோடிச் செருப்புகள். 1944–45 குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜிகள் யூதர்களை இங்கே வரிசையாக நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆற்றில் விழும்படி சுட்டார்கள். செருப்புக்கு அப்போது விலை இருந்தது. 2005-இல் வைத்த நினைவுச் சின்னம். அதில் ஒரு சின்னக் குழந்தையின் ஷூவும் இருக்கிறது.

மலைக்கு ஏறிப் போக வேண்டாம். டெயாக் சதுக்கத்திலிருந்து 16-ஆம் எண் பஸ் மேலேயே கொண்டுபோய் விடும். மேலே மீனவர் கொத்தளம் என்று ஒன்றைப் பழங்காலக் கோட்டைபோலப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1902-இல்தான் கட்டி முடித்தார்கள். பழமை இல்லை, ஆனால் அங்கிருந்து தெரியும் காட்சியில் குறை இல்லை. பக்கத்திலேயே 1827-இல் தொடங்கிய ருஸ்வுர்ம் என்ற குட்டி இனிப்புக்கடை. வனிலா கிரீம் வைத்த கிரேமேஷ் கேளுங்கள். நாலைந்து மேசைதான், காத்திருக்க நேரும்.

இனி வெந்நீர். புடாபெஸ்டைத் தேர்ந்தெடுக்க இதுதான் பெரிய காரணம், முழங்கால் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான். ஊருக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊற்று வருகிறது. துருக்கியர் ஆண்ட காலத்துக் குளியலகமான ருடாஷ் இன்றும் நடக்கிறது. கெல்லெர்ட் என்ற இன்னொரு குளியலகத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காக மூடியிருக்கிறார்கள், அதை மறந்துவிடுங்கள். நீங்கள் போக வேண்டியது சேச்செனி. 1913-இல் திறந்த மஞ்சள் கட்டடம், நடுவே திறந்தவெளிக் குளம். எம்1 மெட்ரோ வாசலிலேயே விடுகிறது. 1896-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். தெருவுக்குச் சற்றே கீழே ஓடுவதால் எம்2 போன்ற ஆழமும் இல்லை. வெளியே 3 டிகிரி, குளத்தில் கிட்டத்தட்ட 38. ஆவி எழும்பி எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஆவி விலகினால், மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி சதுரங்கம் ஆடும் கிழவர்கள். ஒரு காயை நகர்த்தப் பத்து நிமிடம் யோசிக்கிறார்கள்.

பொது இடத்தில் குளிக்க அத்தை கூச்சப்படுவார் என்று நினைப்பீர்கள். தென்காசிக்காரர், குற்றாலத்தில் ஊரே கூடிக் குளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். கூச்சம் குளியலில் இருக்காது, உடையில் இருக்கும். புடவை, நைட்டி, காட்டன் டீ-ஷர்ட் எதுவும் செல்லாது, நீச்சல் உடை கட்டாயம். முழங்கால் வரை வரும் நீச்சல் உடைகள் கிடைக்கின்றன, மியூனிக்கிலேயே வாங்கி வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டும் ரப்பர் செருப்பும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே வாங்கினால் விலை அதிகம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எப்படியும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து உட்காரட்டும். கூட்டம் பிடிக்காது என்றால் லுகாச் குளியலகம் அமைதியானது, உள்ளூர்க்காரர்கள் போவது அங்கேதான்.

சாப்பாட்டில் மட்டும் வியன்னா ஒரு படி மேல், ஒப்புக்கொள்கிறேன். ஹங்கேரியச் சமையலில் பன்றிக் கொழுப்பு எதிர்பாராத இடத்திலெல்லாம் இருக்கும், கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். ஃபோசலேக் என்பது ஏறக்குறைய நம் கூட்டு: கீரை, பட்டாணி, பூசணி என்று ஏதாவது ஒன்றை வேகவைத்துக் கெட்டியாக்கியது. மேலே வைக்கும் இறைச்சியை வேண்டாம் என்று சொன்னால் போதும். லாங்கோஷ் என்பது முறம் அளவுக்குப் பூரி, மேலே பூண்டுத் தண்ணீர், புளித்த கிரீம், சீஸ். ஒன்று வாங்கினால் மூன்று பேருக்கு வரும். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒரு ஊறுகாய் பாட்டில் பெட்டியில் இருக்கட்டும், அதை நான் சொல்லியா தெரிய வேண்டும்.

பணம் ஃபோரின்ட், யூரோ இல்லை. முதல்முறை போனபோது ஸ்டேஷனில் இருந்த ஒரு கவுண்டரில் அவசரத்துக்கு யூரோவை மாற்றினேன். வெளியே வந்து கணக்குப் பார்த்தால் ஒரு நல்ல மதியச் சாப்பாட்டுக் காசு காணாமல் போயிருந்தது. பெரும்பாலும் கார்டே போதும். மெஷின் “யூரோவில் கழிக்கட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம், ஃபோரின்டிலேயே கழி என்று அழுத்துங்கள்.

மொழி புரியாது என்றேன், ஆனால் அத்தைக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அவர்களும் நம்மைப்போல வேர்ச்சொல்லின் வாலில் ஒட்டுச் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். புடாபெஸ்டில் என்பதற்குப் ‘புடாபெஷ்டன்’. வீட்டில் என்பதற்கு ‘ஹாஸ்பன்’. குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், நம் இனிஷியல் மாதிரி.

கணவரையும் ஒரேயடியாகத் தோற்கடிக்க வேண்டாம். திரும்பும் ரயில் வியன்னா வழியாகத்தான் வருகிறது. நாலாம் நாள் கெலெட்டியில் விடிகாலை ரயிலைப் பிடித்தால் பத்து, பத்தரைக்கு வியன்னா மத்திய ஸ்டேஷன். பெட்டியை லாக்கரில் போட்டுவிட்டு மாலை ரயிலுக்கு இருக்கை பதிவு செய்துகொண்டால் ஐந்து மணி நேரம் கையில் இருக்கும். எல்லைச் சோதனை ஜெர்மனிக்குள் நுழையும்போது உண்டு, ஆகவே அத்தையின் பாஸ்போர்ட் பெட்டிக்குள் போக வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ப்ரூகலின் ஓவியங்களுக்கு ஓர் அறை இருக்கிறது. பாபேல் கோபுரம், பனியில் வேட்டைக்காரர்கள் எல்லாம் அங்கேதான். மற்றதைக் கண்டுகொள்ளாமல் நேரே அங்கே போகச் சொல்லுங்கள். திங்கட்கிழமையாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த நேரத்தில் நீங்களும் அத்தையும் ஒரு பழைய காபி வீட்டில் உட்காருங்கள். 1880-இல் தொடங்கிய ஸ்பெர்ல் நடந்தே போகும் தூரம், முடியாவிட்டால் டாக்சி. மெலாஞ்ச் கேட்டால் வெள்ளித் தட்டில் காபியோடு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் வரும். குழாய்த் தண்ணீர்தான், 1873-இலிருந்து ஆல்ப்ஸ் மலையிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நம் டிகாஷன் காபியோடு ஒப்பிட்டு ஏதாவது சொல்வார். என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள். இந்தத் தடவை பெயரோடு.