நீஸ் போகிறவர்கள் கேளுங்கள்

பிரான்சின் தென்கிழக்கு மூலையில் உள்ள நீஸ் நகரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்த வரை சொல்கிறேன்.

கே: கடற்கரையில் மணலே கிடையாதாமே?

ப: கிடையாது. முழுக்கக் கூழாங்கல். வார், பையோன் ஆறுகள் மலையிலிருந்து உருட்டி வந்தவை. வெறுங்காலோடு இறங்கினால் இரண்டாவது அடியிலேயே முகம் கோணிவிடும். ரப்பர் செருப்பு கட்டாயம். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே ஆழம் சட்டென்று கூடிவிடும், நீந்தத் தெரியாதவர்கள் ஓரத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

கே: பிள்ளைகள் மணல்வீடு கட்டணும் என்கிறார்கள்.

ப: ரயிலில் பத்து நிமிடத்துக்குள் வில்ஃபிரான்ஷ் என்ற பக்கத்து ஊர். விரிகுடா என்பதால் அலை குறைவு. மணல் கரகரப்புதான், ஆனால் வீடு நிற்கும்.

கே: நாங்கள் சைவம். பட்டினிதானா?

ப: சோக்கா இருக்கும்போது என்ன பட்டினி! கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்பில் ஓரம் கருகும்வரை சுடுவார்கள். மிளகுத்தூள் தூவிக் கையாலேயே பிய்த்துத் தின்னலாம். நம்மூர் கடலைமாவு தோசைக்குத் தூரத்துச் சொந்தம். ஆறினால் வாயில் வைக்க முடியாது, சூடாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், பிஸலாடியேர் என்று வெங்காயம் பரப்பிய ரொட்டி ஒன்று இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள், அதில் நெத்திலி உண்டு.

கே: நீஸ் சாலட்டில் உருளைக்கிழங்கு போட்டால் உள்ளூர்க்காரர்களுக்கு ஏன் கோபம்?

ப: தக்காளி, ஆலிவ், நெத்திலி, அவித்த முட்டை இதெல்லாம் சரி. காய் மட்டும் வேகவைக்காமல் பச்சையாக இருக்கணும் என்பது மரபு, உருளைக்கிழங்கை அப்படிப் போட முடியாதே. அதையே வட்ட ரொட்டிக்குள் அடைத்து ஆலிவ் எண்ணெயில் ஊறவிட்டால் பான் பன்யா. தட்டில் வருவதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடலாம்.

கே: ஊரில் இத்தாலிய வாடை அடிக்கிறதே?

ப: அடிக்கத்தான் செய்யும். பின்னாளில் இத்தாலியை ஆண்ட சவாய் வம்சத்தின் கையில் நெடுங்காலம் இருந்த ஊர், 1860இல்தான் பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது. இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டி 1807இல் பிறந்ததும் இங்கேதான்.

கே: கோட்டைக் குன்றில் ஏறினோம், கோட்டையைக் காணோம்!

ப: 1706இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இடிக்கச் சொல்லிவிட்டார். மிச்சம் பூங்காவும் காட்சியும். லிஃப்ட் இருக்கிறது, காசு கிடையாது. படியேறிவிட்டீர்களா, பாவம்.

கே: பகல் 12 மணிக்கு ஏதோ வெடித்ததே?

ப: தினமும் வெடிக்கும். 1860களில் குளிர்காலத்துக்கு வந்து தங்கிய ஸ்காட்லாந்து துரை ஒருவர், ஊர்வம்பு பேசப் போன மனைவி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பட்டும் என்று பீரங்கி வெடிக்க வைத்தாராம். இப்போது வாணவெடிதான்.

கே: திங்கட்கிழமை கூர் சலேயா சந்தைக்குப் போகலாமா?

ப: பூ, காய்கறி வேண்டுமென்றால் செவ்வாய் போங்கள். திங்களன்று பழம்பொருள் கடைகள்தான்.